ஏலும் வரைக்கும்

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான வரிசைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல மிஸி" என்றுதான் பதில் வரும். அதையே "இன்னைக்கு எத்தனை மணிக்கு எழும்பினீங்க? எழும்பின உடனே என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்றரைக்கு எழும்பியது, குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நின்றது, வாளி தூக்கும்போது இடுப்பில் பிடித்தது, இடியப்பத் தட்டை இறக்கும்போது கண் இருட்டியது, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கொஞ்சம் சரியலாம் என்று பார்த்தால் நெஞ்சு படபடத்தது என்று எல்லாம் வரிசையாக வரும். சொல்லி முடித்த பிறகும் அவளைப் பொறுத்தவரை அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கொழும்பு மாநகர எல்லைக்குள் குடும்ப நல உத்தியோகத்தராக, பழைய பெயரில் சொன்னால் மருத்துவ மாதாக, பெண்கள் கூப்பிடும் பெயரில் மிஸியாக, என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. முதலில் வெள்ளவத்தை, பிறகு ஓய்வு பெறும்வரை கொட்டாஞ்சேனை. வீட்டு வாசலில் எப்படிக் கேட்பது என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. மீதிப் பாதி, கேட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது. அதற்கு எங்கள் பயிற்சிப் புத்தகங்களில் இருந்த விடை கொஞ்சம். அந்த ஒழுங்கைகளில் இருந்த பெண்களிடமே இருந்தது அதிகம்.

அவர்களுடைய அளவுகோல் ஒன்றுதான். எழும்பி நடமாடி வேலை செய்ய ஏலுமா, ஏலாதா? காய்ச்சல் ஆளைப் படுக்க வைக்கும், ஆகவே காய்ச்சல் வருத்தம். பிரஷர் 170க்கு ஏறினாலும் படுக்க வைக்காது, ஆகவே அது வருத்தத்தில் சேராது. கர்ப்பப்பை கீழே இறங்கிய நிலையில், அதைக் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு வருடக்கணக்காகப் புறக்கோட்டைக் கடைகளைக் கூட்டித் துடைத்த பெண்களை நான் அறிவேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கவலையீனம் என்பார்கள். தன் உடம்பை இவர்களைப் போல எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. எந்த வலியைப் பொறுக்கலாம், எதற்கு ஒரு பனடோல் போதும், எதற்கு ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டும் என்பதை ஒவ்வொரு நாளும் முடிவு செய்துகொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் நாட்டின் தாய் சேய் நலப் பணிக்கு நல்ல பெயர் உண்டு. அது உழைத்துப் பெற்ற பெயர். 1879இல் கொழும்பில் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை, 1926இல் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு, அங்கிருந்து நாடெங்கும் பரவிய வீட்டுத் தரிசிப்பு முறை எல்லாம் சேர்ந்து கட்டிய பணி இது. 1940களின் நடுவில் ஒரு இலட்சம் பிரசவத்துக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் இறந்த நாட்டில் இன்று அந்த எண்ணிக்கை 30 அளவில் நிற்கிறது. பிள்ளை பெற்று வீடு திரும்பியவளை முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை போய்ப் பார்ப்போம். மூன்றாம் வாரத்துக்குள் மறுபடி ஒருமுறை, 42ஆம் நாளையொட்டி இன்னொரு முறை. தையல் போட்ட இடம், மார்பு, இரத்தப்போக்கு, முகவாட்டம் எல்லாவற்றையும் பார்ப்போம்.

அந்தக் கவனம் முழுவதும் பிள்ளையோடு கட்டப்பட்டது. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனதும் தாயைத் தேடிப் போக யாரும் இல்லை. அவளுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் மார்பில் கட்டியும் வருகிற வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 1996இல் சுகவனிதையர் கிளினிக் தொடங்கப்பட்டது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்புப் பரிசோதனை, கர்ப்பப்பைக் கழுத்துக்கான பாப் பரிசோதனை எல்லாம் இலவசம். அருமையான திட்டம். ஆனால் அறிவித்தால் வருவார்கள் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. கொட்டாஞ்சேனையில் அறிவித்ததற்காக யாரும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன கணக்கைக் கேளுங்கள். நாள்கூலிக்குப் போகிறவளுக்கு அரை நாள் என்று ஒன்று கிடையாது, போனால் முழு நாளும் போகும். சின்னவனைப் பாலர் பாடசாலையிலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும். கிளினிக் முடிய மதியமானால் சமையல் பிந்தும், புருஷன் கேட்பான். இவ்வளவும் செய்து போனால், இல்லாத ஒரு வருத்தத்தைக் கண்டுபிடித்துக் கையில் தருவார்கள். அந்த வருத்தத்துக்கு மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும், விடியற்காலையில் நம்பர் எடுக்கவேண்டும், ரிப்போர்ட் வெளியில் செய்யச் சொன்னால் காசு வேண்டும். "தெரியாம இருந்தா வேலைக்காவது போகலாம் மிஸி" என்று ஜம்பட்டா வீதிப் பக்கத்துத் தாய் ஒருத்தி சொன்னாள். அவளோடு வாதாட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் செய்தது அவளுடைய கணக்கில் ஒரு வரியை மாற்றியது மட்டும்தான். அவளுடைய ஒழுங்கையிலேயே ஒரு வீட்டு வாசலில் பிரஷர் பார்க்கும் கருவியோடு உட்கார்ந்தேன்.

ஒழுங்கைக்குள் ஏற்கனவே ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் முழுமையாகப் பார்த்தேன். பெரியாஸ்பத்திரியின் மாதாந்தக் கிளினிக் நாளில் விடியற்காலை நான்கு மணிக்கே ஒரு பெண் கிளம்புவாள். அவளுடைய பையில் அவளது கிளினிக் கொப்பியோடு அயல்வீட்டுக் கொப்பிகளும் இருக்கும். அவள் வரிசையில் இடம் பிடித்து வைக்க, மற்றவர்கள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஏழரைக்குப் போய்ச் சேர்வார்கள். அடுத்த மாதம் இன்னொருத்தியின் முறை. சீட்டுப் பிடிக்கிற அதே பெண்கள், அதே நம்பிக்கை. எந்தச் சுகாதாரத் திட்டத்திலும் எழுதப்படாத இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த ஒழுங்கையில் பாதிப் பேர் மருந்தை விட்டிருப்பார்கள்.

தண்ணீரையும் கழிப்பறையையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் பதிவேட்டில் இருந்த பல நோய்களின் வேர் அங்கேதான் இருந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கெடுப்பின்படி கொழும்பு நகரத்தில் வசதி குறைந்த நெருக்கமான குடியிருப்புகளில் 68,000க்கும் அதிகமான குடும்பங்கள் வாழ்ந்தன. புளூமெண்டால் பக்கமும் ஜிந்துப்பிட்டிப் பக்கமும் நான் போன வரிசை வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒழுங்கை முனையில் பொதுக் கழிப்பறை. இரவில் அங்கே போகப் பெண்கள் விரும்புவதில்லை. விளக்கு இருக்காது, முனையில் ஆண்கள் நிற்பார்கள். ஆகவே மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பகலில் புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்கு நிற்கிற பெண்பிள்ளைகளுக்கும் அதே கதை. கடையில் பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது, ஆகவே காலை தேத்தண்ணியோடு சரி. சலக்கடுப்பு அங்கே தடிமன் போல வந்து போகும். பார்லித் தண்ணி, வெந்தயம், கையில் காசிருந்தால் ஒரு தெம்பிலி. மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வந்தால்தான் டிஸ்பென்சரி.

கர்ப்பிணிகள் இரும்புச்சத்துக் குளிசையை விழுங்காமல் ஒளித்து வைப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த தலையிடி. "சத்துக் குளிசை, கட்டாயம் போடணும்" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தோம். முகத்துவாரத்தில் ஒரு சின்னப் பிள்ளை, தலைப்பிள்ளைக்காரி, காரணத்தை உடைத்துச் சொன்னாள். அந்தக் குளிசை மலத்தை இறுக்கும். இறுகினால் உள்ளே நேரமாகும். நேரமானால் வெளியே வரிசையில் நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வைத்திருக்கிற டொக்டருக்கு இது தோன்றாது. அவளிடம் குளிசையை இரவில் படுக்கும்போது போடச் சொன்னேன், கீரையும் கொய்யாப்பழமும் சேர்க்கச் சொன்னேன். தேத்தண்ணியோடு விழுங்கவேண்டாம், இரும்பு உடம்பில் ஊறாது என்றேன். கழிப்பறைக்கு மற்றவர்கள் போகாத காலை பத்து மணி வேளையை அவளே கண்டுபிடித்தாள். ஐந்தாம் மாதத்தில் இரத்தத்தின் அளவு ஏறியது.

மாதவிலக்குத் துணிக்கும் இதே இடப்பிரச்சினைதான். துவைக்கத் தண்ணீர் கிடைத்தாலும் வெயிலில் காயவைக்க மறைவான கொடி கிடையாது. கட்டிலுக்கடியில் காய்ந்த துணியை அணிவார்கள், அரிப்பும் புண்ணும் வரும். கடையில் விற்கும் நப்கின்களின் விலையை வரிகள் ஏற்றி வைத்திருந்த காலத்தில் இரண்டு குமர்ப்பிள்ளைகள் உள்ள தாய் தனக்கென்று ஒன்றும் வாங்கமாட்டாள்.

சீனி வருத்தத்துக்கு வருவோம். நீரிழிவு என்று எழுதினாலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் "எனக்குச் சீனி இருக்கு" என்றுதான் சொல்வார்கள். குளிசையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று கிளினிக்கில் ஏச்சு வாங்குகிற பெண்கள் இவர்கள். ஒரு விதவைத் தாய், பார்சல் சாப்பாடு கட்டி விற்பவர், சில நாள் குளிசை போடுவார், சில நாள் போடமாட்டார். நாள்களை வரிசையாகக் கேட்டுப் பார்த்தேன். பார்சல் முழுவதும் விற்றுத் தீர்ந்த நாளில் அவருக்கு மிச்சம் இருக்காது, இரவு தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான். அந்த நாள்களில் மட்டும் குளிசையை விட்டிருந்தார். அவர் போட்டது கிளிபென்கிளமைட். சாப்பிடாமல் போட்டால் சீனி ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அது அவருக்கு ஒருமுறை பட்டுத் தெரிந்திருந்தது. மருந்து தெரிந்த யாரும் செய்திருக்கக்கூடிய காரியத்தைத்தான் அவர் செய்திருந்தார். ஆனால் கிளினிக்கில் அதைச் சொல்ல யாரும் இடம் கொடுக்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்காமல் குளிசை போட்டீர்களா என்று மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். அவருடைய கொப்பியில் அந்த விபரத்தைத் தெளிவாக எழுதி அனுப்பினேன். வைத்தியர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

எல்லா வீட்டுச் சமாளிப்பும் இப்படி நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். புருஷனின் பிரஷர் குளிசையைப் பெண்சாதி பாதியாக உடைத்துப் போடுவதும், பார்மசியில் துண்டில்லாமல் இரண்டு நாளுக்கு மட்டும் அமொக்ஸிசிலின் வாங்கி விழுங்குவதும், நெஞ்சு அடைத்தாலும் வாய்வு என்று இஞ்சித் தண்ணி குடித்துப் படுப்பதும் ஆளைக் கொல்லும். பெண்களுக்கு மாரடைப்பு பல வேளைகளில் நெஞ்சு வலியாக வராது. களைப்பாக, முதுகு வலியாக, வாந்தியாக வரும். வாய்வும் அப்படித்தான் வரும். இதை நான் ஒவ்வொரு வாசலிலும் அலுக்காமல் சொல்லியிருக்கிறேன். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி காசில்லாமல் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அந்த எண்ணைக் கதவின் உட்பக்கத்தில் கரியால் எழுதி வைத்த வீடுகள் உண்டு.

கொத்தமல்லித் தண்ணி, சித்தாலேப, பிள்ளைப்பெறு வீட்டில் சரக்கு, பார்வை பார்த்து நூல் கட்டுவது பற்றி நான் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. நூல் கட்டிக்கொண்டு குளிசையும் போடட்டும். சரக்குக்காரப் பாட்டிமார் என் பக்கம் இருந்தால் பிள்ளைக்குத் தண்ணீர் பருக்காமல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வைப்பது சுலபம். எதிர்ப்பக்கம் இருந்தால் முடியவே முடியாது.

மொழியைச் சொல்லாமல் விட முடியாது. கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண்களுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். மரக்கறிக்காரனோடு பேரம் பேசுவார்கள், பஸ்ஸில் சண்டை பிடிப்பார்கள். இடுப்புக்குக் கீழே உள்ளதைச் சொல்லும் சிங்களம் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தமிழிலேயே அதை அம்மாவிடம் சொல்லிப் பழகாதவர்கள். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் பத்து வயது மகனை மொழிபெயர்க்க நிறுத்தி, வெள்ளை படுகிறது என்று சொல்ல வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது எண்டு சொல்லு" என்ற தாயோடு ஒரு மருத்துவமனை வரிசையில் நான் நின்றிருக்கிறேன். அவளுக்கு வயிற்று வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வைத்தியரைக் குறை சொல்லி என்ன செய்வது? வெளிநோயாளர் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு பெண் உத்தியோகத்தரை, ஒரேயொருவரை, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தால் தீருகிற காரியம் இது. அதைச் செய்ய மனம் வரவேண்டும்.

யுத்த காலத்தில் இன்னொரு தடை இருந்தது. எங்கள் வேலை பெயர் எழுதுகிற வேலை. வீட்டில் யார், வயது என்ன, எத்தனை பிள்ளை, எந்த ஊர் என்று எழுதவேண்டும். அதே கேள்விகளைப் பொலிஸாரும் வீடு வீடாகக் கேட்டுப் பதிந்தார்கள். வெள்ளவத்தை லொட்ஜ்களிலும் அறைகளிலும் வடக்கிலிருந்து வந்து தங்கியிருந்த பெண்கள் பையோடும் பதிவேட்டோடும் வருகிற என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. அதற்குப் பிறகு பல மாதங்களுக்குக் கர்ப்பிணிகள்கூடப் பதிய அஞ்சினார்கள். நான் வாசலிலேயே பதிவேட்டைத் திறந்து, எழுதியதை வாசித்துக் காட்டி, எந்த ஊர் என்ற இடத்தில் இப்போது இருக்கிற முகவரியை மட்டும் எழுதினேன். பயம் போக ஒரு வழிதான் இருந்தது. பிள்ளை பெற்ற ஒருத்தி அடுத்தவளிடம் "மிஸி நல்லவ, எழுதினதுக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்லவேண்டும்.

வெள்ளவத்தை என்றால் காலி வீதியும் புடவைக் கடைகளும் நகைக்கடைகளும்தான் வெளியாருக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளின் அடுக்குமாடிகளுக்குள் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா தோட்டங்களிலிருந்து வந்து வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்கள். இவர்களை எந்தப் பதிவேட்டிலும் காணமுடியாது. மலையகத்தில் இவர்களுக்குப் பொறுப்பான மருத்துவ மாது "கொழும்புக்குப் போயிட்டா" என்று குறித்திருப்பார். கொழும்பில் இருந்த எனக்கோ இந்தப் பெண் அந்த வீட்டுக் குடும்பத்தில் சேர்ந்தவர் இல்லை. எட்டாம் மாடியில் மணியடித்தால் வீட்டுக்கார அம்மா வந்து தன் மகளின் கர்ப்பத்தைப் பற்றிப் பேசுவார். கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவர்களோடு பேச எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று மாடிப்படி, குப்பை கொண்டுவரும் நேரம். மற்றது மார்க்கட். அங்கேதான் தெரிந்தது, வருஷம் முழுவதற்குமான வைத்தியத்தை அவர்கள் தீபாவளி லீவில் செய்துகொள்கிறார்கள் என்பது. பல்லைப் பிடுங்குவது, இரத்தப்போக்கைக் காட்டுவது, ஊசி போட்டுக்கொள்வது எல்லாம் ஊரில் அந்த ஒரு கிழமைக்குள். மாதக்கணக்காக நீடித்த இரத்தப்போக்கை லீவுக்கென்று பொறுத்து வைத்திருந்த 44 வயதுப் பெண்ணை நான் சந்தித்தது மரக்கறிக் கடை வாசலில். வீட்டுக்கார அம்மா கெட்டவர் இல்லை. கேட்டால் அனுப்பியிருப்பார். கேட்டால் ஏலாதவள் என்று நினைத்து வேறு ஆள் எடுத்துவிடுவாரோ என்பதுதான் இவளுடைய பயம். நான் வீட்டுக்கார அம்மாவிடம் போய், "இந்தப் பக்கத்தில 35 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பொம்பிளையளையும் பார்க்க வேணும், உங்களையும் சேர்த்து" என்றேன். இருவரும் ஒன்றாகக் கிளினிக்குக்கு வந்தார்கள். அவளைக் களுபோவில மருத்துவமனைக்கு அனுப்பினோம். கர்ப்பப்பையில் நாரிழைக் கட்டி. சத்திரசிகிச்சை முடிந்து ஊருக்குப் போய்த் திரும்பி வந்தாள். அந்த வீட்டுக்கே.

குடும்பக் கட்டுப்பாட்டில் மூன்று மாதத்துக்கொரு முறை போடும் ஊசியைத்தான் எங்கள் பெண்கள் அதிகம் விரும்பினார்கள். அதன் நன்மை தீமைகளை நாங்கள் விளக்கினோம். அவர்கள் பார்த்தது வேறு. ஊசி போட்டதற்கு வீட்டில் அடையாளம் இருக்காது. குளிசைப் பட்டையைப் புருஷனோ மாமியோ கண்டுவிடலாம். கிளினிக் கொப்பியை என்னிடமே விட்டுப் போனவர்கள் உண்டு. எதுவும் கைகொடுக்காமல் கர்ப்பமானால், அதற்கு எங்கள் சட்டம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. அதனால் நாலாவது கர்ப்பத்தில் எங்கோ ஏதோ குளிசை வாங்கி விழுங்கி, இரத்தம் நிற்காமல் வந்த பெண்களோடு நான் வண்டியில் போயிருக்கிறேன். எதைப் போட்டார்கள் என்று சொல்லவும் பயம், சொல்லாவிட்டால் சிகிச்சை பிழைக்கும். "ஆஸ்பத்திரியில் உங்களைக் காப்பாற்றத்தான் கேட்பார்கள்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போவேன்.

2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது இந்தப் பெண்களின் கணக்கே குலைந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஒரு வருடத்தில் ஏறக்குறைய 95 வீதம் ஏறியிருந்தது. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஜன்னல் இல்லாத அறைகளில் பலகை உடைத்து அடுப்பு மூட்டினார்கள். இருமலும் கண்ணெரிவும் வீட்டுக்கு வீடு. மருத்துவமனையில் மருந்து இல்லாமல் துண்டில் எழுதி வெளியில் வாங்கச் சொன்னார்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவும் பல மாதங்கள் கிடைக்கவில்லை. கிடைத்தபோது ஒரு பக்கற்றை வீட்டில் எல்லோரும் பகிர்ந்தார்கள். கர்ப்பிணிக்குக் கொடுத்ததைக் கர்ப்பிணிதான் கடைசியாகச் சாப்பிட்டாள். அந்த மாதங்களில் எடை ஏறாத கர்ப்பிணிகளின் அட்டைகளைப் பார்க்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அவர்கள் எவரும் அந்த நெருக்கடியை உண்டாக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் கிளினிக்குக்குப் பெண்களை வரவைத்த வழிகள் இரண்டு. இரண்டையும் காட்டித் தந்தது அவர்களேதான்.

முதலாவது செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கிறிஸ்தவர், இந்துக்கள் என்று பாராமல் பெண்கள் போவார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் அந்தக் கோயிலும் தாக்கப்பட்டது. அதன் பிறகு நித்திரை வராமல், சத்தம் கேட்டால் நடுங்கி, பிள்ளையைக் கையை விட்டு விலக்காமல் இருந்த பெண்கள் எத்தனையோ பேர். அதையும் ஒரு வருத்தமாக அவர்கள் எண்ணவில்லை. கோயில் மறுபடி திறந்ததும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் திரும்ப வந்தது. கோயிலுக்கு என்றால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். "கோயிலுக்குப் போற வழியில வாறம் மிஸி, வேற நாள்ல கேள்வி வரும்" என்று ஒருத்தி சொன்னதைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய் காலையில் பிரஷரும் சீனியும் பார்க்க ஏற்பாடு செய்தோம். மெழுகுவர்த்திப் பையோடு வந்து கையை நீட்டினார்கள்.

இரண்டாவது மகள்மார். 2017இல் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடத் தொடங்கினார்கள். பெற்றோரின் சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மார் என்னிடம் வந்தார்கள். எதற்கு இந்த ஊசி, பிள்ளை பெறாமல் போகுமா, பக்கவிளைவு என்ன என்று தங்களுக்காக ஒருநாளும் கேட்காத கேள்விகளையெல்லாம் மகளுக்காகக் கேட்டார்கள். பதில் சொல்லி முடித்ததும் சிலர் மெல்ல, "இது வந்தா எப்படித் தெரியும்? எனக்கும் ஏதும் பார்க்க இருக்கா?" என்றார்கள். நான் அந்தக் கேள்விக்காகத்தான் அத்தனை வருடம் காத்திருந்தேன். உடனே நாளும் நேரமும் சொல்லி, தனியாக வரவேண்டாம், தெரிந்தவர்களோடு சேர்ந்து வாருங்கள், உள்ளே பார்ப்பது பெண் வைத்தியர்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்படி வந்த ஒரு குழுவில் இருந்த அப்பம் சுடுகிற ஒருத்தியின் மார்பில் கட்டி. வலி இல்லை, வேலை செய்ய ஏலும், ஆகவே பல மாதங்களாக யாரிடமும் சொல்லவில்லை. மஹரகம அபேக்ஷா மருத்துவமனைக்கு அனுப்பினோம். சத்திரசிகிச்சை, பிறகு மருந்து ஏற்றுதல். தலைமயிர் கொட்டிய காலத்தில் ஒழுங்கையில் எல்லோரிடமும் "இரத்தம் குறைவாம்" என்று சொல்லிச் சமாளித்தாள். வீட்டில் கலியாண வயதில் மகள் இருக்கிறாள், புற்றுநோய்க்காரியின் மகள் என்றால் பேச்சு வரும் என்று பயம். நானும் அவளுடைய பொய்க்குத் துணை நின்றேன். யாரும் கேட்டால் இரத்தக்குறைவு என்றே சொன்னேன். நோயாளியின் இரகசியத்தைக் காப்பது என் கடமை, அதற்கு மேல் அவளுடைய கணக்கை அவளே பார்க்கட்டும்.

மகளுக்குக் கலியாணம் நடந்த அடுத்த வருடம், நாலு வீடு தள்ளி இருக்கிற ஒருத்திக்கு மார்பில் தோல் சுருங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டாள். எனக்குச் சொல்லிவிடாமல் தானே அந்த வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன் தழும்பைக் காட்டியிருக்கிறாள். அடுத்த கிழமை இருவரும் புறக்கோட்டையில் 138ஆம் இலக்க பஸ் ஏறி மஹரகமவுக்குப் போனார்கள். எங்கே நம்பர் எடுப்பது, எந்தக் கவுண்டரில் தமிழ் தெரிந்த பிள்ளை இருக்கிறாள், எந்த நாளில் கூட்டம் குறைவு, சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பக்கத்தில் யாருக்காவது கட்டி, கழலை என்றால் முதலில் அப்பக்கடை அக்காவிடம்தான் அனுப்புகிறார்கள்.